கோராகின் பிள்ளைகள் தப்பியது எப்படி? விளக்கம் தேவை

ஸ்தோத்திரம். யாங்கோன், தமிழ் வாலிபர் வகுப்பு. வரும் ஞாயிறு பாடம் எண்ணாகமம் 16: மோசேக்கு விரோதமாகக் கோராகு, தாத்தான், அபிராம் செய்த கலகம். கெட்ட சகவாசத்தை விளக்குவது சுலபம்: தாத்தான், அபிராமின் ரூபன் கோத்திரமும் கோராகின் வம்சமான கோகாத் புத்திரரும் பாளயத்தின் தென்புறத்தில் அக்கம்பக்கம் (2:10, 3:29). தாத்தானும் அபிராமும் கெட்டது அந்த நெருக்கத்தில்தான் என்பது என் எண்ணம்.

சிக்கல் வேறு. கோராகுக்குரிய எல்லாரையும் பூமி விழுங்கியது என்கிறது 16:32. அவன் குமாரர் சாகவில்லை என்கிறது 26:11. பர்மிய வேதாகமத்திலும் பார்த்தாயிற்று, அதே முடிச்சு. 16:27-ல் பெண்டு பிள்ளைகளோடு கூடார வாசலில் நிற்பது தாத்தானும் அபிராமும்தான். உபாகமம் 11:6, சங்கீதம் 106:17 இரண்டிலும் கோராகின் பெயரே இல்லை. பாடகன் ஏமான் அந்த வம்சம் (1 நாளாகமம் 6:33-37), ஆகவே தப்பியது உறுதி.

"விலகிப்போங்கள்" என்ற எச்சரிப்புக்குக் (16:26) கீழ்ப்படிந்ததால்தான் அவர்கள் தப்பினார்கள் என்று வாலிபர்களிடம் சொல்ல வசன ஆதாரம் உண்டா?