சொந்த ஜெட்டைத் தானே ஓட்டும் உரிமையாளருக்கு இப்போதுள்ள பயிற்சி போதுமா?

பருந்துப்பார்வை:
அமெரிக்காவில் சின்ன ஜெட் ஒன்றை வாங்கி, சம்பளத்துக்குப் பைலட் வைக்காமல் தாங்களே ஓட்டுகிற டாக்டர்கள், தொழிலதிபர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சைட்டேஷன் சிஜே வரிசை, ஃபீனம் 100, ஹோண்டாஜெட், ஒற்றை எஞ்சின் வைத்த சிரஸ் விஷன் ஜெட், எல்லாமே ஒரே ஆள் ஓட்டலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ சான்று கொடுத்தவை. சட்டம் கேட்பது என்னவென்று பார்த்தால் பிரைவேட் பைலட் லைசென்ஸ் (இதற்குக் குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறந்தால் போதும்), மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அப்புறம் டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக ஜெட்டை ஓட்டுவதற்கென்றே தனியாகத் தேர்வு எழுதி வாங்கும் தகுதி. அவ்வளவுதான். இத்தனை மணி நேரம் பறந்துவிட்டுத்தான் ஜெட் பக்கம் வரலாம் என்று ஓர் எண்ணிக்கையே அமெரிக்கச் சட்டத்தில் கிடையாது. ஐரோப்பாவில் இந்த மாதிரி விமானத்துக்குக் குறைந்தது 200 மணி நேர அனுபவமும் தனியாக ஒரு தியரி பரீட்சையும் வேண்டும்.

என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு வருடம் பக்கத்து சீட்டில் தகுதியுள்ள இன்னொரு பைலட் இல்லாமல் உரிமையாளர் ஜெட்டைக் கிளப்பக் கூடாது, இதைச் சட்டமாகவே ஆக்க வேண்டும்.

விச்சிட்டாவாசி:
கன்சாஸில் சிமுலேட்டர் பயிற்சி கொடுப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். "அவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள், ஆனால் அந்த டைப் ரேட்டிங் தேர்வை ஏர்லைன் கேப்டன் லைசென்ஸுக்கு வைத்திருக்கிற அதே அளவுகோலில்தான் வைக்கிறோம். ஜெட்டைப் பொறுத்தவரை, கையில் இருப்பது பிரைவேட் லைசென்ஸ்தானே என்று எந்தச் சலுகையும் கிடையாது. ஓடுபாதையில் இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தைத் தாண்டும்போது ஓர் எஞ்சினை அணைப்போம். ஒற்றை எஞ்சினோடு இறங்கி வந்து, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை என்று இறங்காமல் மறுபடி மேலே ஏறச் சொல்வோம். கேபின் அழுத்தம் போய்விட்டது என்று எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு 41,000 அடியிலிருந்து கீழே கொண்டுவரச் சொல்வோம். அந்த உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் நிதானத்தோடு செயல்பட 15 முதல் 20 விநாடிதான் கிடைக்கும், மாஸ்க்கைத் தேடுவதற்குள் அது முடிந்துவிடும். தனியாக ஓட்ட வேண்டும் என்றால் எல்லாவற்றையும் தனியாகவே செய்து காட்ட வேண்டும். சைட்டேஷன் ஜெட்டில் அப்படிச் செய்து தேறினால் லைசென்ஸில் அந்த ரகத்தைக் குறிக்கும் 525 என்ற எண்ணுக்குப் பின்னால் ஓர் எஸ் எழுத்து விழும். அந்த எழுத்து இல்லையென்றால் பக்கத்தில் கோ-பைலட் இல்லாமல் கிளம்ப முடியாது. அது கிடைக்காமல் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஒரு தடவை தேறிவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்ற நிலையும் இப்போது இல்லை. ஒரே ஆள் ஓட்டும் ஜெட்டாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை சோதனை கட்டாயம் என்று 2012-லிருந்து விதி இருக்கிறது.

தரைவாசி:
எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது, ஆனால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். 2014 டிசம்பர் 8-ஆம் தேதி மேரிலாந்தில் கெய்தர்ஸ்பர்க் ஊரில் நடந்ததை இங்கே யாரும் சொல்லவில்லையே. ஒரு டாக்டர் தன் ஃபீனம் 100-ஐத் தானே ஓட்டி வந்தார். இறங்கும் நேரத்தில் விமானம் வேகம் இழந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த மூன்று பேரோடு அந்த வீட்டில் இருந்த ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள், அதில் ஒன்று கைக்குழந்தை. பைலட்டின் தகுதியைப் பற்றி அந்தத் தாயிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

விச்சிட்டாவாசி:
ஐயா, அந்த விபத்தை நான் வகுப்பில் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பேசுகிறேன், அதனால் சொல்கிறேன், அது பருந்துப்பார்வை கேட்கிற சட்டத்துக்கு ஆதாரம் ஆகாது. அந்த பைலட் 4,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், ஏர்லைன் கேப்டனுக்கான லைசென்ஸே வைத்திருந்தவர். விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்டிஎஸ்பி கண்டுபிடித்தது என்னவென்றால், பனிக்கட்டி படியும் மேகத்துக்குள் வந்துகொண்டிருந்தபோது இறக்கையிலும் வாலிலும் பனியை உடைக்கிற சிஸ்டத்தை அவர் போடவே இல்லை. அது ஒரு சுவிட்ச், கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஏன் போடாமல் விட்டிருப்பார் என்பதுதான் முக்கியம். அந்த சுவிட்சைப் போட்டால் கணக்கு மாறிவிடும். இன்னும் வேகமாக இறங்க வேண்டும், அதற்கு ஓடுபாதை நீளமாக வேண்டும், கெய்தர்ஸ்பர்க் ஓடுபாதையோ ஏறக்குறைய 4,200 அடிதான். சுவிட்ச் போட்டிருந்தால் வேறு ஊருக்குப் போய் இறங்க வேண்டியிருந்திருக்கும். அவர் மனதில் என்ன ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் போடாததால் இன்னொன்றும் நடந்தது. பனி இருக்கிறது என்று விமானத்துக்கே தெரியாததால், வேகம் குறைகிறது என்ற எச்சரிக்கை பனி இல்லாத இறக்கைக்கு உரிய கணக்குப்படியே காத்திருந்தது. இறக்கை அதற்கு முன்னாலேயே கைவிட்டுவிட்டது, மீட்பதற்கு உயரமும் இல்லை.

இதில் முதல் வருடம், இரண்டாம் வருடம் என்ற பேச்சுக்கு எங்கே இடம் இருக்கிறது?

பருந்துப்பார்வை:
அனுபவம் இருந்தும் இப்படி நடந்தது என்றால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "சார், ஐஸ் ஏறுது, சுவிட்ச் போடலையா?" என்று கேட்டிருந்தால் ஆறு உயிர் மிஞ்சியிருக்கும் என்றுதானே ஆகிறது. என் கோரிக்கையை ஒரு வருடத்தோடு நிறுத்தியது குறைவு என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

புதியவர்களுக்கு வருவோம். 2016 டிசம்பர் 29, கிளீவ்லாண்ட், பர்க் லேக்ஃப்ரன்ட் விமான நிலையம், இரவு பதினொன்று நெருங்கும் நேரம். சைட்டேஷன் சிஜே4, உரிமையாளரே பைலட், அவரையும் சேர்த்து ஆறு பேர். கிளம்பியதும் ஈரி ஏரியின் மேல் கும்மிருட்டு. கிளம்பி ஓரிரு நிமிடத்துக்குள் ஏரியில் விழுந்துவிட்டது. அவர் அந்த டைப் ரேட்டிங்கை அதே டிசம்பர் மாதம்தான் வாங்கியிருந்தார். அதற்கு முன் ஓட்டியது சைட்டேஷன் மஸ்டாங், அதுவும் ஜெட்தான், ஆனால் அதன் பேனல் வேறு மாதிரி. ஆட்டோபைலட் வேலை செய்கிறது என்று அவர் நினைத்திருந்தார், அது வேலை செய்யவில்லை. பழைய விமானத்தில் கைக்கும் கண்ணுக்கும் பழகிப்போனது புதிய விமானத்தில் குறுக்கே வந்தது என்று என்டிஎஸ்பி அறிக்கையிலேயே இருக்கிறது, களைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்கிறது. உங்கள் அளவுகோலில் தேறி, அந்த எஸ் எழுத்தையும் வாங்கிய மனிதர்தானே அவர்?

சொந்தச்சிறகு:
நான் டர்போபிராப் (டர்பைன் எஞ்சினால் புரொப்பெல்லர் சுழலும் விமானம்) வைத்திருக்கிறேன், அடுத்து ஜெட்டுக்குப் போகப்போகிறவன், ஆகவே இது என் தலையில் விழப்போகிற சட்டம். இரண்டு பைலட் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் 2014 மே 31, மாசசூசெட்ஸில் பெட்ஃபோர்ட் ஊரில் நடந்த விபத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். கல்ஃப்ஸ்ட்ரீம் 4 என்ற பெரிய ஜெட், சம்பளத்துக்கு ஓட்டும் இரண்டு பைலட்டுகள், பல வருடம் சேர்ந்தே பறந்தவர்கள். நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க சுக்கான்களைப் பூட்டி வைக்கிற கஸ்ட் லாக்கை எடுக்காமலே ஓடுபாதையில் வேகம் எடுத்தார்கள். ஏழு பேர் போனார்கள். ரெக்கார்டரை எடுத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் கன்ட்ரோல்களை அவர்கள் முழுமையாகச் சோதிக்கவே இல்லை. ஒருவர் கேட்காமல் விட்டதை இன்னொருவரும் கேட்கவில்லை.

என் கார் ஓட்டுநர் வேலைக்கு வராத நாளில் நானே ஓட்டுவதற்கு யாரும் தடை போடுவதில்லை. என் விமானத்தில் என் குடும்பத்தைத்தான் ஏற்றப்போகிறேன், என்னைவிட அக்கறையாக யார் ஓட்டுவார்?

தரைவாசி:
உங்கள் அக்கறையை நான் சந்தேகப்படவில்லை தம்பி. கெய்தர்ஸ்பர்க் டாக்டருக்கும் அக்கறை இருந்திருக்கும்.

பாலிசிக்காரன்:
விமான இன்சூரன்ஸ் துறையில் வேலை செய்கிறேன். நீங்கள் சட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நடைமுறையில் கேட்டைப் பூட்டி வைத்திருப்பது நாங்கள். புதிதாக ஜெட்டுக்கு வருகிறவருக்கு, எங்களுக்குத் திருப்தியான ஒரு மென்டர் பைலட்டோடு (பக்கத்தில் இருந்து வழிகாட்டும் அனுபவசாலி) இத்தனை மணி நேரம் பறந்த பிறகுதான் தனியாகப் போகலாம் என்று பாலிசியிலேயே எழுதுகிறோம். 25 மணியோ 50 மணியோ, ஆளையும் அவருடைய அனுபவத்தையும் பார்த்து அது மாறும். வருடா வருடம் சிமுலேட்டருக்குப் போகச் சொல்கிறோம். வயது 70-ஐத் தொட்டால் கூட இன்னொரு பைலட் வைக்கச் சொல்வதும் உண்டு, சிலருக்கு பாலிசியே கிடைப்பதில்லை. சட்டத்தால் ஆளுக்கு ஆள் இப்படி அளந்து பார்க்க முடியாது, எல்லோருக்கும் ஒரே எண்ணைத்தான் எழுதும்.

பருந்துப்பார்வை:
நல்ல விஷயம்தான், ஆனால் இன்சூரன்ஸே எடுக்காமல் ரொக்கத்துக்கு ஜெட் வாங்கினால்? சொந்த உபயோகத்துக்குப் பறக்கிறவர் இன்சூரன்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் சட்டம் சொல்வதில்லை. கடன் கொடுத்த வங்கி கேட்கும், கடனே இல்லாதவரை யார் கேட்பது? அதுவும் போக, மென்டரைப் பார்த்துப் பிடித்துக் கூலி கொடுப்பதும் அந்த உரிமையாளர்தான். "இன்னும் நீங்கள் தயாராகவில்லை" என்று சொல்கிற மென்டரின் அடுத்த மாதப் பிழைப்பு என்ன ஆகும் என்பது அவருக்கே தெரியும்.

விச்சிட்டாவாசி:
கடைசியாகச் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் பக்கத்து சீட்டைச் சட்டம் போட்டு நிரப்புவது தீர்வு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. குறை, தேர்வு எதைச் சோதிக்கிறது என்பதில் இருக்கிறது. எஞ்சின் அணைவது, தீப்பிடிப்பது, இதையெல்லாம் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே வரிசையில் செய்ய வைக்கிறோம், திரும்பி வருகிறவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். கெய்தர்ஸ்பர்க்கிலும் கிளீவ்லாண்டிலும் எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுபாதை போதாது என்று தெரிந்ததும் வேறு ஊருக்குத் திருப்புகிறாரா, அலுத்துக் களைத்த ராத்திரியில் ஹோட்டலில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புகிறாரா, ஆட்டோபைலட் போட்ட பிறகு அது உண்மையிலேயே பிடித்ததா என்று பேனலில் எழுத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்கிறாரா, இதற்கெல்லாம் அந்தத் தேர்வில் பெரிதாக மதிப்பு கிடையாது.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். 35,000 அடிக்கு மேலே காக்பிட்டில் ஒரே ஆள் என்றால் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டேதான் பறக்க வேண்டும், அது விதி. சிமுலேட்டரில் நான் பக்கத்தில் இருக்கும்போது எல்லோரும் மாட்டுகிறார்கள். மேலே மூன்று மணி நேரம் அதை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா என்று தனியாகக் கேட்டால் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். இன்னும் நூறு மணி நேரம் பயிற்சி கொடுத்தாலும் அது மாறாது. விமானம் பதிவு செய்கிற தரவை மாதா மாதம் வெளியாள் ஒருவர் எடுத்துப் பார்த்து, "போன செவ்வாய்க்கிழமை இறங்கும்போது வேகம் அதிகமாக இருந்ததே, ஏன் திரும்ப ஏறவில்லை?" என்று கேட்டால் மாறும். ஏர்லைன்களில் இதைப் பல வருடமாகச் செய்கிறார்கள்.

சொந்தச்சிறகு:
தரவு யார் கைக்குப் போகும், எஃப்ஏஏ கைக்கா? அப்படியென்றால் ஒருவரும் கொடுக்க மாட்டார்கள், ரெக்கார்டரையே கழற்றி வைப்பவர்கள்தான் அதிகமாவார்கள். உரிமையாளர்கள் சங்கம் மாதிரி ஓர் இடத்துக்கு, பேர் இல்லாமல் போகும் என்றால் நான் முதல் ஆளாகத் தருகிறேன். மென்டரோடு பறக்கவும் எனக்கு மறுப்பில்லை, 50 மணி நேரம் என்று ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறேன். சட்டம் என்று வராதவரை.

பருந்துப்பார்வை:
உங்களைப் போலத் தானாக முன்வருகிறவருக்குச் சட்டமே தேவையில்லை நண்பரே. நான் கேட்பது, 50 மணி என்றதும் "எனக்கு எதற்கு அது" என்று சொல்கிற மற்றவரைப் பற்றி. அவரை இன்சூரன்ஸும் பிடிக்காது, உங்கள் சங்கமும் பிடிக்காது. விச்சிட்டாவாசி, உங்கள் சிமுலேட்டருக்கு அவர் வருடத்தில் சில நாள் வருவார், தேறிவிட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் அவரை யார் பார்ப்பது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

விச்சிட்டாவாசி:
இன்றைக்கு யாரும் பார்ப்பதில்லை. அதைச் சட்டத்தால் செய்தே ஆக வேண்டும் என்றால், சீட்டை விட்டுவிட்டுத் தரவைக் கட்டாயமாக்குங்கள். அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.