கெமிக்கல் எக்ஸாமினர் பாஷாணத்தை எப்படி உறுதி செய்தார்?

கேள்வி: சென்னை ராஜதானியின் பழைய செஷன்ஸ் கோர்ட் வழக்குக் கட்டுகளில் 'குடலில் பாஷாணம் கண்டது' என்று கெமிக்கல் எக்ஸாமினரின் (அரசு இரசாயன ஆய்வாளரின்) ஒரே வரி அறிக்கை வருகிறது. பாஷாணம் என்றால் ஆர்செனிக். இன்றைய கருவிகள் இல்லாமல் எப்படிக் கண்டார்கள்? அந்த அதிகாரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதாகவும் தெரியவில்லையே?

பதில் 1: இரண்டாவதற்குச் சுருக்கமாக: 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டம், 510ஆம் பிரிவு. அதிகாரியை வரவழைக்காமலே அவர் கையெழுத்திட்ட அறிக்கையைச் சாட்சியமாக ஏற்கலாம். சென்னையில் கெமிக்கல் எக்ஸாமினரின் ஆய்வகம் 1849 முதலே இருந்தது.

பதில் 2: முதலில் ரைன்ஷ் சோதனை, 1841இல் வந்தது. குடலில் உள்ளதை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, பளபளப்பான செப்புத் தகடு ஒன்றைப் போடுவார்கள். பாஷாணம் இருந்தால் தகடு கருத்துவிடும். ஆனால் ஆன்டிமனி, பாதரசம், பிஸ்மத்துக்கும் படிவு வரும். அதனால் தகட்டைக் கழுவி உலர்த்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் சூடாக்கணும். குழாயின் குளிர்ந்த பகுதியில் எண்முகப் படிகம் மின்னினால் பாஷாணம். உருண்டைத் துளிகள் என்றால் பாதரசம்.

அடுத்துச் செய்வது மார்ஷ் சோதனை, இது 1836இலேயே வந்தது. துத்தநாகமும் நீர்த்த கந்தக அமிலமும் மாதிரியோடு சேர்ந்து எழும் வாயுவைச் சூடான குழாய் வழியே விட, சூட்டைத் தாண்டிய இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பழுப்புப் படலம் படியும். அது சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கரைந்தால் பாஷாணம், கரையாவிட்டால் ஆன்டிமனி. உள்ளே காற்று மிச்சமிருக்கத் தீ வைத்தால் சாதனம் வெடிக்கும்.

பெரிய வம்பு என்னவென்றால், துத்தநாகத்திலும் அமிலத்திலும் பாஷாணம் கலந்திருப்பது சகஜம். மாதிரி சேர்க்காமல் அதே சரக்கை வைத்து ஒரு ஓட்டம் ஓட்டாதவன் முடிவை நான் நம்பமாட்டேன்.

பதில் 3: அதற்கு முன்பே, குடலை ஆய்வகத்துக்கு அனுப்பும் பாட்டிலிலேயே கெட்டுப்போகும் விஷயம் உண்டு. வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்பணும். அழுகல் வாயு மூடியைத் தள்ளிவிடும். கெடாமலிருக்க ஊற்றுவது ரெக்டிஃபைடு ஸ்பிரிட் (செறிந்த சாராயம்). அதே ஸ்பிரிட்டிலிருந்து ஒரு சிறு மாதிரி தனியாகப் போகணும், பாட்டிலில் வைத்த முத்திரையின் அச்சும் கூட. சாராயம், பாஸ்பரஸ், கார்பாலிக் அமிலம் சந்தேகமென்றால் ஸ்பிரிட் கூடாது, உப்புக் கரைசல்தான். ஃபார்மலினில் போட்டால் அல்கலாய்டை (ஊமத்தை போன்ற செடிகளின் நஞ்சை)ப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

பதில் 4: ஊமத்தை வழக்கில் வயிற்றில் கிடைத்த விதையே பாதிச் சாட்சி. அதை மிளகாய் விதையோடு குழப்பிவிடுவார்கள். நெடுக்காக வெட்டி லென்ஸில் பாருங்கள்: விதைத்தழும்பு அருகே ஊமத்தையின் கரு வெளிப்பக்கம் வளையும், மிளகாயில் உட்பக்கம். சாற்றைப் பூனைக் கண்ணில் ஒரு சொட்டு விட்டால் கண்ணின் பாவை விரியும்.