புதுப்பிப்பு: பழைய ஜாவா செயலியில் டிபக்கர் இணைந்துவிட்டது

யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ஜாவா வலைச்செயலியை டொக்கருக்குள் (செயலியைக் கொன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் கருவி) கொண்டுவந்த பிறகு, டொம்கெட்டோடு (செயலியை ஓட்டும் சேர்வர்) டிபக்கர் (ஓடும் நிரலில் பிழை தேடும் கருவி) இணைய மறுக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, தீர்ந்துவிட்டது.

ஜாவா 8 இலிருந்து 17 க்கு மாறியதுதான் காரணம். ஜாவா 9 முதல், டிபக் முகவரியாக வெறும் 5005 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் அது லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது அதே கொன்டெய்னருக்குள், மட்டும்தான் கேட்கும். கொன்டெய்னருக்கு வெளியே இருந்து எட்டாது. *:5005 என்று மாற்றியதும் உடனே பிடித்தது. ஆனால் திறந்த டிபக் போர்ட் வழியாக யாரும் தங்கள் நிரலை உள்ளே ஓட்டலாம். அதனால் டொக்கரில் போர்ட்டை 127.0.0.1:5005:5005 என்றே கொடுங்கள், தயவுசெய்து; அப்போது டொக்கர் ஓடும் கணினியிலிருந்து மட்டும் எட்டும்.

ஹொட்ஸ்வொப்பில் (செயலியை நிறுத்தாமல் டிபக்கர் வழியாக நிரலை மாற்றும் வசதி) மெத்தட்டுக்கு உள்ளே செய்த மாற்றம் மட்டும் ஏறும். அதுவே எங்கள் பெடியளுக்குப் பெரிய ஆறுதல். முன்பு ஒரு லொக் (பதிவு) வரி சேர்க்கவும் வார் கோப்பை (முழுச் செயலியும் அடங்கிய பொதி) முழுதாகக் கட்டி ஏற்ற வேண்டும். டொம்கெட் 10 க்கு இப்போதைக்கு மாறவில்லை, அதற்கு நிரலில் javax என்ற பெயர்களை jakarta என்று மாற்றும் ஜகார்த்தா பெயர்மாற்றம் தனி வேலை. வழிகாட்டிய அண்ணாமாருக்கு நன்றி.