லாவோஸ்: மேகோங்கில் இரண்டு நாள் படகு, அம்மாவுக்கு ஒத்துவருமா?

கோவைக்கிளி:
பிப்ரவரியில் அம்மாவோடு வட தாய்லாந்து போகிறேன். சியாங் ராய் வரை போய்விட்டு லாவோஸைப் பார்க்காமல் திரும்ப மனசில்லை. எல்லை தாண்டியதும் வரும் ஹுவாய் சாயில் இருந்து லுவாங் பிரபாங் ஊருக்கு மேகோங் ஆற்றில் இரண்டு நாள் ஸ்லோ போட் உண்டாமே? அம்மாவுக்கு 66 வயசு, முட்டிவலி, சுத்த சைவம். "ரெண்டு நாளும் மலையையும் தண்ணியையும் பார்த்துட்டு உட்காரணுமா, அலுத்துடும்டி" என்கிறாள் அக்கா. ரயில் வேறு வந்துவிட்டதாம். போனவர்கள் சொல்லுங்கள்.

ரயில்பூச்சி:
ரயில் ஹுவாய் சாய் பக்கமே வராது. 2021 டிசம்பரில் திறந்த பாதை சீன எல்லையில் உள்ள போத்தேனில் ஆரம்பித்து தலைநகர் வியந்தியான் வரை போகிறது. லாவோஸுக்குள் மட்டும் 75 சுரங்கம். ஜன்னல் சீட் கிடைத்தும் பாதி நேரம் கண்ணாடியில் என் மூஞ்சியைத்தான் பார்த்தேன். லுவாங் பிரபாங்கில் இருந்து வியந்தியான் இரண்டு மணி நேரம்தான், திரும்பும்போது ஏறிக்கொள்ளுங்கள். போகும்போது படகு.

மதகடி:
2023 ஜனவரியில் போனேன். பொதுப்பணித்துறையில் ஆற்று மட்டம் எழுதியே பாதி ஆயுசு போனவன், அதனால் என் கண் முதலில் போவது கரைக்குத்தான். மலை அப்புறம்.

முதல் நாள் பாக் பெங் வரை, ராத்திரி அங்கே தங்கல், மறுநாள் சாயங்காலம் லுவாங் பிரபாங். படகு நீளமாக, ஒடுக்கமாக ஒரு ரயில்பெட்டி மாதிரி இருக்கும். சீட்டெல்லாம் பழைய வேனில் இருந்து கழற்றிப் போட்டவை. எஞ்சின் பின்னால், சத்தம் காதைப் பிய்க்கும். அம்மாவை முன்பக்கம் உட்கார வையுங்கள். எங்கள் படகில் ஓட்டுகிறவர் குடும்பமே பின்னறையில் குடியிருந்தது. அந்தம்மா துணி அலசிக் கொடியில் போட்டுவிட்டு, வந்து நூடுல்ஸ் கப்புக்கு வெந்நீர் ஊற்றினார். நமக்குச் சுற்றுலா, அவருக்கு அது வீடு.

அலுப்பா? உங்கள் அக்கா பிப்ரவரி ஆற்றைப் பார்த்ததில்லை. தண்ணீர் இறங்கி, கரும்பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். மழைக்காலத்து மட்டம் பாறையில் கறையாகத் தெரியும், அண்ணாந்து பார்க்க வேண்டும். பாறை இடுக்கில் மூங்கில் கழி சொருகி வலையைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள், பக்கத்தில் ஆள் இருக்காது. தண்ணீர் விட்டுப்போன வண்டலில் வேலி போட்டு நிலக்கடலை, கீரை. மறுபடி வெள்ளம் வருவதற்குள் பிடுங்கிவிட வேண்டிய வெள்ளாமை. ஓரிடத்தில் இரண்டு பெண்கள் தொடை அளவு தண்ணீரில் நின்று மரத்தட்டைச் சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அரிசி களைகிறார்களோ என்று நினைத்தேன். பொன் அரிக்கிறார்களாம்! எங்கள் படகு எழுப்பிய அலை வந்து மோதியதும் ஒருத்தி தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கே வெட்கமாகப் போனது.

அம்மாவுக்கு இரண்டு விஷயம். ஒன்று, சாப்பாடு. காய்கறிக் கூட்டு என்று கேட்டாலும் பாடேக் விழுந்திருக்கும், அது மீனைப் புளிக்க வைத்தது. "கின் ஜே" என்று சொல்லிப் பாருங்கள், சைவம் என்று புரிந்துகொள்வார்கள். பிசுபிசு சோறு மூங்கில் கூடையில் எங்கும் கிடைக்கும். பழம், ரொட்டி கையில் இருக்கட்டும். இரண்டாவது, முட்டி. படகில் சிரமமில்லை, கரையில்தான். பாக் பெங்கில் இறங்கியதும் செங்குத்தாக ஏற வேண்டும். பெட்டியைத் தூக்கப் பையன்கள் வருவார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். லுவாங் பிரபாங்கிலும் படகு ஊருக்குள் போகாது, 10 கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து டுக்டுக்.

ஸ்பீட் போட்டில் ஒரே நாளில் போகலாம் என்று எவனாவது ஆசை காட்டினால் அவர்கள் கையில் கொடுக்கும் ஹெல்மெட்டைப் பாருங்கள். படகில் போக எதற்கு ஹெல்மெட்?

உப்புமாமா:
லுவாங் பிரபாங்கில் இருந்து "நாம் ஊ" என்கிற ஆற்றிலேயே நோங் கியாவ் என்ற ஊர் வரை படகில் போகலாம் என்று ஒரு பழைய பயணப் புத்தகத்தில் படித்தேன். அதையும் சேர்க்கலாமா?

மதகடி:
அந்தப் புத்தகத்தை மூடிவையுங்கள். "நாம் ஊ" ஆற்றில் ஏழு அணை, 2021-க்குள் ஏழிலும் மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நோங் கியாவுக்கு இனி சாலைதான். ஆனால் போங்கள். சுண்ணாம்புக்கல் மலைகள் ஊரின் தலைக்கு மேல் நிற்கும், அங்கிருந்து மூவாங் நோய்க்கு ஒரு மணி நேரம் படகு இன்னும் ஓடுகிறது. நடைபாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள், 1964-73 அமெரிக்கக் குண்டுவீச்சில் வெடிக்காத குண்டுகள் அந்தப் பக்கம் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன.

மேகோங்கும் தப்பவில்லை. லுவாங் பிரபாங்குக்குக் கீழே சயபுரி அணை 2019-இல் ஓட ஆரம்பித்தது, 1285 மெகாவாட், பெரும்பங்கு தாய்லாந்துக்கு. மேலே 25 கிலோமீட்டரில் இன்னொன்று கட்டுகிறார்கள், உங்கள் படகு அந்த வழியாகத்தான் போகும். கிளம்புமுன் படகு முழுத் தூரமும் போகிறதா என்று ஹுவாய் சாயில் கேட்டுக்கொள்ளுங்கள். அணை வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை, அதில்தான் சம்பளம் வாங்கினேன். இருந்தாலும் நான் பார்த்த கடலைக்கொல்லை எல்லாம் தண்ணீர் இறங்கினால்தான் உண்டு.

கோவைக்கிளி:
படகுதான், முடிவு பண்ணிவிட்டோம். நன்றி ஐயா! ஆற்றுப்பாசியில் அப்பளம் போடுவார்களாமே, அது சைவம்தானே என்று அம்மா கேட்கிறார்.

மதகடி:
கைபேன். சைவம்தான். குளிர்காலத்தில் பாறையில் இருந்து பாசியை எடுத்து, அலசி, தட்டி, மெல்லிசாகப் பரப்பி, எள், பூண்டு, தக்காளி வில்லை பதித்து வெயிலில் காயவைப்பார்கள். எண்ணெயில் போட்ட உடனே எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் கருகிவிடும். ஆனால் தொட்டுக்கொள்ள ஒரு சிவப்புச் சட்னி வரும், ஜியோ போங். அதில் எருமைத்தோல் போடுவார்கள். அம்மாவை அதைத் தொடவிடாதீர்கள். பொரிக்காத கைபேன் சந்தையில் பாக்கெட்டில் கிடைக்கும், புடவை மடிப்புக்குள் வைத்தால் நொறுங்காமல் ஊர் வந்து சேரும்.