க்ரூக்மன் பத்திரிகைக்குப் போனது யாருக்கு லாபம்?

கடைசிபெஞ்ச்:
அமெரிக்கப் பொருளியலாளர் பால் க்ரூக்மன் 2024 டிசம்பரோடு நியூயார்க் டைம்ஸில் பத்தி எழுதுவதை நிறுத்திவிட்டார். 2000 ஜனவரியில் ஆரம்பித்தது, இருபத்தைந்து வருஷம். அதற்குப் பாராட்டுப் பதிவுகள் வரிசையாக வந்தன, வரட்டும். நான் வேறு மாதிரி நினைக்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். 1999 வரை அவர் அசல் ஆராய்ச்சியாளர். அதன் பிறகு வாரம் இரண்டு தடவை கோபப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவர். 2008இல் நோபல் கொடுத்தபோது எதற்காகக் கொடுத்தார்கள்? பன்னாட்டு வணிகம் பற்றிய 1979, 1980 கட்டுரைகள், தொழில்கள் ஏன் ஓரிடத்தில் குவிகின்றன என்ற 1991 கட்டுரை, அந்த வகை வேலைக்காக. பத்தி எழுத்தாளராக அவர் செய்தது எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. நல்ல ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பத்திரிகை தின்றுவிட்டது.

நூல்கண்டு:
நோபலை அளவுகோலாக வைத்தால் யாருமே தேறமாட்டார்கள். பொருளியலில் அந்தப் பரிசு பெரும்பாலும் இருபது முப்பது வருஷத்துப் பழைய வேலைக்குத்தான் கிடைக்கும். பத்தி எழுதப் போகும்போது க்ரூக்மனுக்கு வயது 46. மனிதர் தன் பங்கு ஆராய்ச்சியை முடித்துவிட்டுத்தான் போனார். ஜப்பான் வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கியும் ஏன் எழுந்திருக்கவில்லை என்று 1998இல் எழுதினாரே, அது வேறு இருக்கிறது.

வாத்தியார்:
கல்லூரியில் பன்னாட்டு வணிகம் நடத்துகிறேன். அந்த 1979 கட்டுரை என்ன என்று தெரியாமலே பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள், ஆகவே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

பழைய பொருளியலாளர் ரிக்கார்டோ காலத்துப் பாடம் இது: நாடுகள் வேறு வேறாக இருப்பதால் வணிகம் நடக்கிறது. ஒருவனிடம் துணி, இன்னொருவனிடம் ஒயின். சரி, அப்படியானால் பிரான்சும் ஜெர்மனியும் ஏன் ஒருவருக்கொருவர் காரையே விற்றுக்கொள்கின்றன? இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தொழிலாளி, ஒரே மாதிரி இயந்திரம். க்ரூக்மன் சொன்ன பதில்: ஒரே மாடலை லட்சக்கணக்கில் செய்தால் அடக்கவிலை இறங்கும். வாங்குகிறவனுக்கோ விதவிதமாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு நாடும் சில மாடல்களைப் பிடித்துக்கொள்ளும், மற்றதை அடுத்தவனிடம் வாங்கும். கேட்டதும் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். டிக்ஸிட், ஸ்டிக்லிட்ஸ் என்ற பொருளியலாளர்கள் 1977இல் போட்ட கணக்கை எடுத்து, சுமார் பத்துப் பக்கத்தில் முடித்துவிட்டார். மதிப்பீட்டாளர்களுக்குப் பிடிக்கவில்லை. இதழின் ஆசிரியராக இருந்த ஜகதீஷ் பகவதி பிடிவாதமாக வெளியிட்டார்.

சிக்கலை உரித்து உரித்து உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய கைவேலை. பத்தியிலும் அதே கைதான் தெரிந்தது.

கடைசிபெஞ்ச்:
அங்கேதான் சார் எனக்கு இடிக்கிறது. கட்டுரையில் 'இப்படி இருந்தால் அப்படி நடக்கும்' என்று இருக்கும். பத்தியில் அந்த 'இருந்தால்' உதிர்ந்துவிடும், 800 சொல்லில் அதற்கு இடம் கிடையாது. 2016 தேர்தலில் ட்ரம்ப் ஜெயிக்கிறார் என்று தெரிந்த ராத்திரி, உலகச் சந்தைகள் எப்போது மீளும் என்ற கேள்விக்கு இவர் எழுதிய முதல் பதில், ஒருபோதும் மீளாது. மறுநாளே அமெரிக்கச் சந்தை ஏறி முடிந்தது. சில நாளில் அவரே வாபஸ் வாங்கினார். மாணவன் ஒருவன் ஆய்வேட்டில் இப்படி எழுதினால் நீங்கள் விடுவீர்களா?

வாத்தியார்:
விடமாட்டேன். ஆனால் அந்த ராத்திரி தூங்கப் போகாத எவனும் ஒழுங்காக எழுதியிருக்கமாட்டான்.

ஈயம்பித்தளை:
1998இல் இன்னொன்றும் சொன்னாரே! 2005 வாக்கில் பார்த்தால் பொருளாதாரத்தில் இணையத்தின் தாக்கம் ஃபேக்ஸ் மெஷினைவிடப் பெரிதாக இருக்காது என்று. இந்தச் செய்தியை ஃபேக்ஸில் அனுப்பலாமா என்று பார்த்தேன், மெஷின் கிடைக்கவில்லை 😀

நூல்கண்டு:
அது அவர் டைம்ஸுக்குப் போகும் முன்னால், நீங்கள் 'அசல் ஆராய்ச்சியாளர்' என்கிற காலத்தில் எழுதியது. உளறலைப் பத்தியின் தலையில் கட்ட முடியாது.

சிங்கைவாசி:
ஒன்றைக் கவனியுங்கள். 1999இல் அவர் திடீரென்று பொதுவெளிக்கு வந்துவிடவில்லை. 1994இல் ஃபாரின் அஃபயர்ஸ் இதழில், ஆசிய அதிசயம் என்பதே கட்டுக்கதை என்று எழுதினார். எங்கள் சிங்கப்பூரை ஸ்டாலின் கால சோவியத்தின் இரட்டைப்பிறவி என்றார், அதாவது வளர்ச்சிக் கணக்கில். இங்கே பலருக்குச் சுருக்கென்று குத்தியது. அவர் காட்டிய எண்கள்: 1966 முதல் 1990 வரை வருஷத்துக்கு 8.5 சதவீத வளர்ச்சி. அதே காலத்தில் மக்கள்தொகையில் வேலைக்குப் போகிறவர்கள் 27 சதவீதத்திலிருந்து 51 ஆனார்கள், முதலீடு உற்பத்தியில் 11 சதவீதத்திலிருந்து 40ஐத் தாண்டியது. ஆளையும் பணத்தையும் கூட்டிக்கொண்டே போனதால் வந்த வளர்ச்சி, திறமை கூடியதால் வந்ததில்லை, இப்படியே ஓட முடியாது என்பது வாதம்.

என் அம்மா 1974இல் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். காலை ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்குக் கிளம்புவார். அந்த 51இல் அவரும் ஒருவர். கட்டுரையை நான் பல வருஷம் கழித்துப் படித்தபோது கோபம்தான் வந்தது, ஆனால் கணக்கு தப்பு என்று சொல்ல முடியவில்லை. வீட்டிலிருந்து இரண்டாவது ஆளை ஒரு தடவைதானே வேலைக்கு அனுப்ப முடியும்? 1997 ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் இவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டார்கள். அவர் சொன்னது மெல்ல மந்தமாகும் என்றுதான், அப்படியொரு சரிவை எதிர்பார்க்கவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார்.

கடைசிபெஞ்ச்:
அருமையான பதிவு. ஆனால் இது என் பக்கத்துக்குத்தான் பலம். அந்தக் கட்டுரையில் அவர் எந்தக் கட்சிக்காரர் என்று உங்களால் சொல்ல முடியுமா? 1982-83இல் ரீகனின் பொருளாதார ஆலோசனைக் குழுவில்கூட வேலை பார்த்தவர். புஷ் வந்த பிறகு என்ன எழுதுவார் என்பது தலைப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2005இல் டேனியல் ஓக்ரெண்ட், வாசகர் புகார்களைப் பார்க்க டைம்ஸே வைத்திருந்த ஆள், விடைபெறும்போது எழுதியதை மறந்துவிட்டீர்களா? தன் ரசிகர்களுக்குப் பிடித்த மாதிரி எண்களைப் பொறுக்கிப் போடுகிறார் என்றார்.

நூல்கண்டு:
எழுதினார், ஆனால் ஒரு உதாரணம்கூடத் தரவில்லை. க்ரூக்மன் கேட்ட பிறகுதான் உதாரணம் எடுத்தார், அதன் மேல் இருவரும் சண்டை போட்டார்கள்.

கட்சி விஷயத்துக்கு வருகிறேன். பட்ஜெட் கணக்கு உதைக்கிறது என்று ஆளுங்கட்சியைப் பார்த்துச் சொன்னால் கட்சிக்காரன் ஆகிவிடுவானா? ஒபாமா வந்ததும் விட்டாரா? 2009இல் 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டம் போதாது என்று முதல் நாளிலிருந்து கத்தினார். திட்டம் வந்தால் வேலையின்மை 8 சதவீதத்தோடு நிற்கும் என்றது அரசுத் தரப்பு, அக்டோபரில் 10ஐத் தொட்டது. 2010இல் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பணம் அச்சடித்தால் விலைவாசி எகிறும் என்று எச்சரித்த பெரிய மனிதர்கள் பலர். எகிறவில்லை. இவர் தைரியமாக எதிர்த்து எழுதியதற்குக் கையில் இருந்த ஆயுதம், வட்டி பூஜ்யத்தில் கிடக்கும்போது பணம் அச்சடித்தாலும் விலை எகிறாது என்ற அந்த 1998 ஜப்பான் ஆய்வு. தின்றுவிட்டது என்கிறீர்களே, அந்த ஆய்வு பத்து வருஷம் சோறு போட்டது பத்திரிகையில்தான்.

அப்புறம் அந்தக் குழந்தை பார்த்துக்கொள்ளும் சங்கம். வாஷிங்டனில் நூற்றைம்பது தம்பதிகள் சேர்ந்து, முறைவைத்து அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். பார்த்தால் ஒரு சீட்டு கிடைக்கும், வெளியே போனால் கொடுக்க வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எல்லாரும் சீட்டைச் சேர்த்துவைக்க, யாரும் வெளியே போகவில்லை. போகாததால் யாருக்கும் சீட்டு சம்பாதிக்க வழியில்லை. வக்கீல்கள் நிறைந்த சங்கம், 'மாதம் இரண்டு தடவை வெளியே போயே ஆக வேண்டும்' என்று விதி போட்டுப் பார்த்தது. கடைசியில் கூடுதலாகச் சீட்டு அச்சடித்தார்கள், எல்லாம் சரியானது. மந்தநிலை என்பது சோம்பேறித்தனமோ பாவத்தின் சம்பளமோ கிடையாது என்று எனக்குப் புரிந்தது இதில்தான். ஸ்வீனி தம்பதியர் 1977இல் ஓர் ஆய்விதழில் எழுதிய கதை அது, யார் படித்தார்கள்? இவர் ஸ்லேட் இணைய இதழின் பத்தியில் எழுதியதால் என் வரைக்கும் வந்தது.

வாத்தியார்:
எங்கள் விடுதி மெஸ் டோக்கனை வைத்து நான் இதைச் சொல்வேன். பையன்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஈயம்பித்தளை:
மோசடியில் திவாலான எரிசக்தி நிறுவனம் என்ரானுக்கு ஆலோசகராக இருந்து 37,500 டாலர் வாங்கியதை யாரும் பேசவில்லையே.

நூல்கண்டு:
1999இல் வாங்கினார், டைம்ஸில் சேர ஒத்துக்கொண்டதும் அவர்கள் விதிப்படி விலகினார். ஃபார்ச்சூன் பத்திரிகையில் என்ரானைப் புகழ்ந்தபோது ஆலோசகர் என்பதையும் சேர்த்தே எழுதினார். புகழ்ந்தது தப்புதான்.

கடைசிபெஞ்ச்:
2009, 2010 இரண்டும் உங்கள் கணக்கில் போகட்டும். 2021? 1.9 டிரில்லியன் டாலர் கோவிட் நிவாரணத்தால் பணவீக்கம் வரும் என்று பொருளியலாளர்கள் சம்மர்ஸும் பிளான்ஷார்டும் எச்சரித்தார்கள். இவர் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றார். 2022 ஜூனில் 9.1 சதவீதம். ஜூலையில் 'நான் தவறிவிட்டேன்' என்று பத்தி. எதிர்ப்பக்கம் சொல்வது பத்து வருஷமாகத் தப்பாகவே இருந்தால், அவர்கள் ஒரு தடவை சரியாகச் சொல்லும்போது காதில் விழாது. ஆராய்ச்சியாளனாகவே இருந்திருந்தால் விழுந்திருக்கும் என்பது என் கட்சி.

சிங்கைவாசி:
சம்மர்ஸும் அதே ரீகன் காலத்துக் குழுவில் இவரோடு இருந்தவர். நாற்பது வருஷத்துப் பங்காளிச் சண்டை.

நூல்கண்டு:
தவறிவிட்டேன் என்று பெயர் போட்டு எழுதினாரே. 2010இல் கடிதம் போட்டவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள்?

டைம்ஸை விட்ட காரணத்தையும் அவரே 2025 ஜனவரியில் சொன்னார். கடைசிக் காலத்தில் பத்தியில் கைவைப்பது அதிகமாகிவிட்டது, வார்த்தைகளை மழுக்கினார்கள், சரிசெய்வதிலேயே நேரம் போனது என்று. இப்போது சப்ஸ்டாக் என்ற இணையத் தளத்தில் வரைபடமும் கணக்குமாகக் கிட்டத்தட்ட தினமும் எழுதுகிறார். தின்னப்பட்ட ஆள் மாதிரித் தெரியவில்லை.

கடைசிபெஞ்ச்:
சரி, தின்றது என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மென்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021ஐ மட்டும் விடமாட்டேன். வாத்தியார் சார், அந்த மெஸ் டோக்கன் கதையில் டோக்கனை அதிகமாக அச்சடித்துவிட்டால் என்ன ஆகும் என்றும் பையன்களிடம் கேட்பீர்களா?

வாத்தியார்:
கேட்பேன். இட்லி தீர்ந்துவிடும் என்பார்கள்.