அப்பாவோட ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம் கூடிருக்கு, முன்னாடியே சொல்ல வேண்டாமா?

குலசேகரத்தான்:
அப்பாவுக்கு 66 வயசு, சுகர் உண்டு. 2018ல இருந்து ஒரே கம்பெனி பாலிசி, ஒரு வருஷம் கூட விடாம கட்டிட்டு வாறோம். போன ஜூன்ல 38,940 ரூவா, இந்த தடவை 40,500னு மெசேஜ் வந்திருக்கு, அதுவும் ட்யூ டேட்டுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போ. ஜிஎஸ்டிய எடுத்தாச்சு, பிரீமியம் குறையும்னு சொன்னாங்களே, பின்ன எப்படி கூடும்? ஏஜென்ட்ட கேட்டா எல்லாருக்கும் கூட்டிருக்கு, கட்டிருங்கன்னு சொல்லுகாரு. ஜூன்னா இங்க மழை, ரப்பர் வெட்டு கிடையாது, கையில பைசா ஓடாத நேரம். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரப்பர் ஷீட் வித்த பைசால ஒதுக்கி வச்சிருப்போம். அப்பா என்னடான்னா பாலிசியே வேண்டாம், விட்ருன்னு சொல்லுகாரு.

கோட்டாறு கணக்கு:
தம்பி முதல்ல பாலிசிய விட்ராதீங்க. அஞ்சு வருஷம் தொடர்ந்து கட்டுன பாலிசில மோசடின்னு நிரூபிச்சா தவிர பழைய நோய மறைச்சீங்கன்னு சொல்லி கிளெய்ம தள்ள முடியாது, அந்த பாதுகாப்பு அப்பாவுக்கு வந்தாச்சு, 66 வயசுல சுகரோட புதுசா எடுக்கப் போனா வெயிட்டிங் பீரியட், அதாவது பழைய நோய்க்கு கிளெய்ம் கிடைக்காம காத்திருக்குற காலம், எல்லாம் முதல்ல இருந்து. அடுத்தது, 1,560 ரூவாதான் கூடிருக்குன்னு நினைக்காதீங்க. தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி கிடையாது. போன வருஷம் கட்டுன 38,940ல 5,940 ஜிஎஸ்டி, கம்பெனிக்கு போனது 33,000. இப்போ 40,500 மொத்தமும் கம்பெனிக்கு. அப்போ கூட்டுனது 7,500, கிட்டத்தட்ட 23 சதவீதம். வரி குறைஞ்சதுல இது வெளிய தெரியல்ல, அவ்வளவுதான். 60 தாண்டினவங்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல கூட்டணும்னா இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்குற அரசு ஆணையமான ஐஆர்டிஏஐகிட்ட கம்பெனி முன்கூட்டியே கலந்து பேசணும்னு 2025 ஜனவரி கடைசில உத்தரவே உண்டு. ஆனா 65 முடிஞ்சு 66 ஆகும்போ நெறைய பாலிசில வயசு ஸ்லாப், அதாவது வயசு வாரியா ரேட் போடுற படி, மாறும், அது அவங்க ரேட் சார்ட்ல ஏற்கனவே இருக்கும். அதனால எவ்வளவு ஸ்லாப்பால, எவ்வளவு ரேட்ட கூட்டினதால, ரெண்டையும் பிரிச்சு எழுத்துல கேளுங்க, போன்ல கேட்டா ஒண்ணும் நடக்காது. போன வருஷம் கிளெய்ம் போட்டதுக்காக உங்களுக்கு மட்டும் தனியா கூட்டவும் கூடாது.

மார்த்தாண்டம் அக்கா:
பாலிசி புக்க எடுத்து கண்டிஷன் பக்கத்த பாருங்க. பிரீமியம் ரேட்டோ விதிமுறையோ மாத்தினா மூணு மாசம் முன்னாடி தெரிவிக்கணும்னு நெறைய பாலிசில ஒரு கண்டிஷன் உண்டு, 2020ல இருந்து ஐஆர்டிஏஐ கொண்டுவந்த பொது வாசகம் அது. இருந்தா அந்த வரிய அப்படியே மெயில்ல போடுங்க. இன்னொண்ணு, பாலிசி விவரம் எல்லாம் போட்டிருக்குற ஷெட்யூல் பக்கத்துல யாரு நம்பர் இருக்குன்னு பாருங்க. எங்க சித்தப்பா பாலிசில ஏஜென்ட் அவரு நம்பரையும் மெயிலையும் குடுத்து வச்சிருந்தாரு, கம்பெனி அனுப்பினது எல்லாம் அவருக்குத்தான் போச்சு, சித்தப்பாவுக்கு ஒண்ணும் வரல்ல.

குலசேகரத்தான்:
அக்கா பாத்தேன், மூணு மாசம்னு தெளிவா இருக்கு. மொபைல் நம்பர் அப்பாவோடது, மெயில் மட்டும் ஏஜென்டோடது. மாத்த இப்பவே எழுதிட்டேன். பைசாவ கட்டிட்டா அப்புறம் கேள்வி கேக்க முடியாதா?

கோட்டாறு கணக்கு:
தாராளமா கேக்கலாம், ஆட்சேபத்தோட கட்டுறேன்னு மெயில் போட்டுட்டு ட்யூ டேட்டுக்கு முன்னாடியே கட்டுங்க. ட்யூ டேட்டுக்கு அப்புறம் 30 நாள் கிரேஸ் இருக்குன்னு அசால்ட்டா இருக்காதீங்க, வருஷத்துக்கு ஒரே தடவையா கட்டுற பாலிசில அந்த நாள்ல ஆஸ்பத்திரில சேர்ந்தா கிளெய்ம் கிடைக்காது. கம்பெனியோட புகார் கேக்குற கிரீவன்ஸ் ஆபீசருக்கு முதல்ல எழுதுங்க, அப்புறம் ஐஆர்டிஏஐயோட புகார் சைட்டான பீமா பரோசால போடலாம், அவங்க நம்பர் 155255லயும் கூப்பிடலாம். ஒரு மாசத்துல பதில் இல்லைன்னாலோ பதில் சரியில்லைன்னாலோ இன்சூரன்ஸ் புகார தீர்த்து வைக்குற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், பைசா செலவே இல்ல, வக்கீலும் வேண்டாம், ஆன்லைன்லயே போடலாம், நாகர்கோவில்ல இருந்து சென்னைக்கு அலைய வேண்டியது இல்ல. ஒரு வருஷத்துக்குள்ள போட்ரணும். அடுத்த வருஷம் வேற கம்பெனிக்கு மாத்துற எண்ணம் இருந்தா ரினியூவலுக்கு 45 நாள் முன்னாடியே போர்ட்டிங் கேட்டு எழுதிருங்க, ஏப்ரல்லயே ஆரம்பிச்சா சரியா இருக்கும்.