கிளாம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம்: ஆப் காட்டியது 432, கட்டியது 498

மதுரைக்காரன்:
போன வாரம் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது விடியற்காலை நாலரை. பஸ் உள்ளே நுழையும்போதே கார் புக் செய்துவிட்டேன், 432 ரூபாய் காட்டியது. வீட்டு வாசலில் இறங்கினால் 498. டிரைவரைக் கேட்டால் "ஆப் காட்டுறதுதான் சார் எனக்கும் தெரியும்" என்கிறார். ரசீதில் பயணக் கட்டணம், காத்திருப்பு, புக்கிங் கட்டணம், வரி என்று நாலைந்து கணக்கு இருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை. இதற்கு முந்தைய மாதம் ஒரு நாள் மத்தியானம் இதே 17 கிலோமீட்டருக்கு வேறொரு ஆப்பில் ஆட்டோ போட்டேன். 290 என்றது. ஆட்டோ வந்ததும் "அம்பது சேர்த்துக் குடுங்க, ரிட்டர்ன் கிடைக்காது" என்றார், கொடுத்தேன். ஆப்காரர்களுக்குப் புகார் எழுதினால், கட்டணம் உங்களுக்கும் ஓட்டுநருக்கும் இடையில் என்று பதில் வருகிறது. அப்புறம் எதற்குத் திரையில் ஒரு தொகையைக் காட்டுகிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
இரண்டும் இரண்டு விதமான வியாபாரம், ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கார் விஷயத்தில் நீங்கள் ஆப் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறீர்கள், அது தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை ஓட்டுநருக்குத் தருகிறது. இந்த 432 என்பது, ஆப் போட்ட பாதையில், வழியில் எங்கும் நிற்காமல், வண்டி வந்தவுடன் ஏறிப் போனால் ஆகும் தொகை. வண்டி வந்துவிட்டது என்று டிரைவர் அழுத்தியதிலிருந்து சில நிமிஷம்தான் இலவசம், அதற்குமேல் நிமிஷக் கணக்கில் ஓடும். கிளாம்பாக்கத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அந்த இலவச நேரம் முடிந்துவிடும், நானே இப்படி அழுதிருக்கிறேன். அதனால் பஸ்ஸுக்குள் இருந்தபடி புக் செய்யாதீர்கள். இன்னொன்று, அந்த நேரத்தில் தென்மாவட்ட பஸ்கள் எல்லாம் வரிசையாக வந்து சேரும், எல்லாரும் ஒரே சமயத்தில் போனை எடுப்பார்கள், விலை ஏறாமல் என்ன செய்யும்? பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் சில நாள் இறங்கியிருக்கும். வரி என்பது 5 சதவீத ஜிஎஸ்டி.

ஆட்டோ ஆப்கள் இப்போது பெரும்பாலும் சந்தா முறைக்குப் போய்விட்டன. ஓட்டுநர் நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிடுவார், சவாரிக் காசு முழுக்க அவர் கைக்கே போகும். கம்பெனி உங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததோடு ஒதுங்கிக்கொள்கிறது. திரையில் இருப்பது ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான். இதில் 5 சதவீத வரியை யார் கட்டுவது என்பதிலும் சண்டை. கர்நாடகத்தில் ஏறக்குறைய ஒரே கேள்விக்கு ஒரு ஆப்புக்கு வரி இல்லை என்றும் இன்னொரு ஆப்புக்கு உண்டு என்றும் இரண்டு விதமாகத் தீர்ப்பு வந்தது.

ஓஎம்ஆர் வாசி:
அரசு கட்டணத்தை யாருமே சொல்லவில்லையே. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. 17 கிலோமீட்டருக்கு 207 ரூபாய்தான் வருகிறது. ஆக ஆப் காட்டிய 290-ஏ அதிகம், அதற்குமேல் ஐம்பது. பகல் கொள்ளை.

தாம்பரம் ஆட்டோ:
சார், அந்த 25-உம் 12-உம் எந்த வருஷம் போட்டது என்று தெரியுமா? 2013 ஆகஸ்ட். அப்போது பெட்ரோல் லிட்டர் எண்பதுக்குள், இப்போது நூறைத் தாண்டிவிட்டது. எங்கள் மீட்டர் மட்டும் அங்கேயே நிற்கிறது. அரசு மாற்றவில்லை என்று 2025 பிப்ரவரியில் சங்கங்களே சேர்ந்து முதல் 1.8-க்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தார்கள். அதற்கு அரசு அனுமதி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், தம்பியோட சவாரிக்கு 324 வரும். அந்த ஆட்டோக்காரர் வாங்கியது 340. பதினாறு ரூபாய்க்கா கொள்ளை? மேடவாக்கத்தில் இறக்கிவிட்டு மத்தியானத்தில் சும்மா நின்று பாருங்கள், தெரியும்.

ஆனால் ஏறும்போதே சொல்லணும். பாதி வழியில் கேட்பவனை நானும் திட்டுவேன்.

ஓஎம்ஆர் வாசி:
பெட்ரோல் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "புக் செய்யும்போதே டிப் போடுங்கள், சீக்கிரம் வண்டி வரும்" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? இதற்காகவே 2025 மே மாதம் ஒரு பெரிய ஆப்புக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வேலை முடிவதற்கு முன்னால் கேட்பது எப்படி டிப் ஆகும்?

கணக்குப்பிள்ளை:
அது டிப் இல்லை, ஏலம். நெரிசல் நேரத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் மத்திய அரசு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. 2020-இல் அடிப்படைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கு என்று இருந்தது, 2025 ஜூலையில் இரண்டு மடங்காக்கினார்கள். சரியான காரணம் இல்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதுவும் 100 ரூபாய்க்குமேல் போகக்கூடாது, ஓட்டுநர் ரத்து செய்தாலும் அதே அபராதம் அவருக்கும் உண்டு. ஆனால் வெறும் வழிகாட்டுதல் என்பதால் மாநிலம் எடுத்துப் போட்டால்தான் உண்டு. அடிப்படைக் கட்டணம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதும் மாநிலம்தான், ஆட்டோவுக்கு அது என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று தாம்பரம் அண்ணனே சொல்லிவிட்டார்.

மதுரைக்காரரே, வழியில் எங்காவது நிறுத்தினீர்களா?

மதுரைக்காரன்:
வண்டலூர் தாண்டி ஒரு டீ. டிரைவருக்கும் சேர்த்து வாங்கினேன்.

தாம்பரம் ஆட்டோ:
அப்போ அந்த டீ அம்பது ரூபாய் டீ தம்பி.

மதுரைக்காரன்:
ரசீதை மறுபடி பார்த்தேன். காத்திருப்பு 27, மிச்சம் முழுக்க நேரம் கூடியதற்கும் அதன்மேல் வரிக்கும். டீக்குக் கேட்க முகம் இல்லை, காத்திருப்புக்கு மட்டும் புகார் போட்டேன். டிரைவர் நின்றது வெளி ரோட்டில், ஆப் காட்டிய இடத்தில் இல்லை என்று ஸ்கிரீன்ஷாட் வைத்து எழுதினேன். மறுநாள் 27 ரூபாய் திரும்ப வந்தது, ஆனால் வாலட்டில். அடுத்த தடவை அதே ஆப்பில் போனால்தான் கழியுமாம்.